வல்லாரை பிடுங்காத இடம்

நம் வீட்டுக்கு முன்னால் ரோட்டோரத்தில் வல்லாரை அவ்வளவு தழைத்துக் கிடக்கிறதே, அம்மா ஏன் அதில் ஓர் இலையைக்கூடக் கிள்ள விடுவதில்லை என்று கேட்கிறீர்கள். அவளிடம் கேட்டால் "சொன்னதக் கேளுங்க" என்பாள். அதற்குமேல் வாய் திறக்க மாட்டாள். ஆகையால் நான் எழுதி வைக்கிறேன். எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முன்னால் பிறந்த அக்கா ஒருத்தி தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வயிற்றோட்டத்தில் போய்விட்டாள். அழுக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்து ஊற்றில்தான் லயமே தண்ணீர் எடுத்தது. அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது, நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் இனிக் குடியிருப்பதில்லை என்று நானும் அம்மாவும் முடிவு செய்தோம். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு பலாங்கொடைப் பக்கத்துச் சிறு டவுனான இங்கே இறங்கி வந்தோம்.

எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணிக்கு டவுன் எல்லையில், அவருடைய வீட்டுக்கு அடுத்தாற்போல், இந்தத் துண்டு நிலம் இருந்தது. "குடிசை போட்டுக்கடா. கீழ ஈரமாத்தான் கெடக்கு. வெட்டுனா ஒடனே தண்ணி" என்று சொற்பக் குத்தகைக்குக் கொடுத்தார். அரிசி அளக்கும்போது படியின் தலையைக் கையால் வழித்துவிடுகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கு என்மேல் ஏன் இவ்வளவு பிரியம் என்று அன்றைக்கே எனக்குள் உறுத்தியது.

கிணறு வெட்ட வந்தவன் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே நின்று சுற்றிலும் பார்த்தான்.

"முன்னாடி டவுன் குப்பையையும் கக்கூஸ் வாளியையும் இந்தப் பக்கந்தானே எங்கயோ கொட்டுனாங்க?"

"எங்க?"

"எனக்கென்னங்க தெரியும்? எங்கப்பன் பேசிக் கேட்டது."

வெட்ட வேண்டாம் என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த இடம் எது என்று தெரியாமல் மண்ணில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கங்காணியைக் கேட்டேன். "அது ஆத்துக்கு அந்தாண்டடா. யாரு உனக்கு இதெல்லாம் சொன்னா?" என்றார். இடத்தைச் சொன்னதைவிட, சொன்னவன் யார் என்று அறிவதில்தான் அவர் அவசரம் காட்டினார்.

மளிகைக் கடை முஸ்லிம் முதலாளி, ஊருக்கே நானா, சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். தோளில் அளவு நாடாவை வைத்தபடியே பேச்சை எடுத்தேன்.

"தவறணைக்குப் பின்னாலதான் தம்பி. அந்த நாத்தம் இன்னும் போகல்லியே, மணக்கல்லியா உங்களுக்கு?" என்று சிரித்தார்.

சாராயத் தவறணை முதலாளி சிங்களவர். தமிழும் தண்ணீர்பட்ட பாடு. நானா சொன்னதைக் கேட்டதும் மேசையில் தட்டினார். "எங்க பின்னாலயா? நானா கடைக்குப் பின்னால போய்ப் பாரு! இல்லாட்டி அவர் வாழமரம் மட்டும் அப்பிடிக் கொல தள்ளுமா?"

அவர்கள் இரண்டு பேருக்கும் வேலித் தகராறு என்பது ஊரறிந்த விஷயம். குப்பையை ஆளுக்கு ஆள் பேச்சிலேயே அடுத்தவன் நிலத்தில் கொட்டினார்கள். என் நிலத்தை மட்டும் ஒருவரும் காட்டவில்லை. காட்டியிருந்தால், அதுவும் சும்மா போடும் பழிதான் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். கங்காணியின் ஆட்கள்தான் அந்த இரண்டு கடைக்கும் வாடிக்கை. அவர் பேச்சு என்றால் இருவருக்கும் வாய் கட்டிப்போகும் என்று எனக்குப் பட்டது. இன்னொன்றையும் கவனித்தேன். கங்காணி வீட்டு வேலைக்காரி தினமும் மூச்சிரைக்க மேடேறி, அவருக்கே சொந்தமான பாறையில் மூங்கில் செருகிய பீலியிலிருந்து குடம் சுமந்து வந்தாள். வெட்டினால் உடனே தண்ணீர் வரும் நிலம் பக்கத்திலேயே இருக்க, மேடேறுவானேன்?

கண்டுபிடித்தது அம்மாதான். ஒருநாள் குடிசை வாசலில் நின்றபடி கூப்பிட்டாள்.

"ஏங்க, அந்தக் கீரைக்காரியப் பாத்தீங்களா? கானோரமா பிடுங்கிக்கிட்டே வர்றா. நம்ம எடத்துக்கிட்ட வந்ததும் ரோட்டத் தாண்டிப் போயிடுறா. அங்கிட்டு கொஞ்ச தூரம் நடந்து, திரும்பவும் இந்தப் பக்கம் வந்து பிடுங்குறா. இங்கதானே தளதளன்னு கெடக்கு?"

மறுநாள் பார்த்தேன். வேறு இரண்டு பெண்களும் அதேபோல் தாண்டிப் போனார்கள்.

கீரைக்காரி சிங்களப் பெண். அவளை நிறுத்தி, "கங்காணி ஏசுவாருன்னுதான் தாண்டிப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"நே, நே!" என்று இல்லையென அவள் கையை ஆட்டினாள். "கங்காணி வர முந்தியே நாங்க பிடுங்கல்ல. எங்க அம்மாவும் பிடுங்கல்ல."

"ஏன்?"

"தெரியாதே! அம்மா தாண்டினா, நானும் தாண்டினது." கேட்டபிறகுதான் அவளுக்கே அது வேடிக்கையாகத் தோன்றியிருக்க வேண்டும், கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று பிற்பகல் அவர்கள் தாண்டிய இடத்திலேயே நானே தோண்டினேன். முழங்கால் ஆழத்தில் மண் கறுத்தது. சோடாப் போத்தல் கழுத்துகள், லாம்புச் சிமினிச் சில்லுகள், கோப்பைத் துண்டுகள் வந்தன. அப்புறம் துருப்பிடித்த இரும்பு வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் வாளிப் பிடிகள். எந்த வாளி என்று அம்மாவுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள்.

செய்தி பறந்துவிட்டது. நானா வந்தார், தவறணை முதலாளியும் வந்தார். கடைசியாகக் கங்காணி வந்தார்.

"என்னடா, கெணறு வெட்டுறியா, பொதையல் தேடுறியா?"

"பொதையல்தாங்கய்யா. டவுனே சேத்து வச்சது" என்று ஒரு பிடியைத் தூக்கிக் காட்டினேன்.

நானா தவறணை முதலாளியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்கென்னடா தெரியும்? நான் வாங்குனப்ப புல்லுதான் கெடந்துச்சு" என்றார் கங்காணி.

"சரிங்கய்யா. தெரியாமத்தான் இருந்திருக்கும். ஆனா ஐயா வீட்டுக்கு மட்டும் ஏன் பீலித் தண்ணி?"

அவர் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "பழக்கம்டா" என்றார்.

"எங்களுக்கும் அதையே பழக்கிக்கிறோமுங்க. பீலியில தண்ணி எடுக்க விடுங்க, நாங்க இங்கயே இருக்கோம். இல்லாட்டி இந்தக் குழிய மூடாம, ஊரே பாக்கட்டும்னு அப்பிடியே விட்டுட்டுப் போறோம்."

ரோட்டில் ஆள் கூடிக்கொண்டிருந்தது. "எடுத்துக்க, எடுத்துக்க. மொதல்ல அத மூடுடா!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

நீங்கள் பிறந்ததிலிருந்து குடிப்பது அந்தப் பீலித் தண்ணீர்தான். அவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. வழியில் கண்டால் கும்பிடுகிறேன், சந்தேகத்தோடுதான்.

ஒரு வாளிப் பிடியை மட்டும் கூரை வரிச்சில் செருகி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு யாராவது வந்து, "கீழ ஈரமாத்தான் கெடக்கு, ஒரு கெணறு வெட்டுனா என்ன?" என்று உங்களிடம் பிரியமாகக் கேட்டால், அதை எடுத்துக் காட்டுங்கள்.