கால் பிரேக்குக்கு அடியில்

பழைய மெஷின்களைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் என் வேலை. துவாக்குடியில், மூடிப்போன பட்டறைகளின் மெஷின்களை வாங்கி விற்கும் ஒரு யார்டு. அங்கே வந்து இறங்கும், இரும்பைக் கடையும் லேத்துகளின் மேல் இருப்பதை அழுக்கு என்று சொன்னால் வீட்டு அழுக்கு கோபித்துக்கொள்ளும். கட்டிங் ஆயில், இரும்புத்தூள், துடைத்துப் போட்ட வேஸ்ட் துணியின் நூல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, வருஷக்கணக்கில் காய்ந்து, தார் மாதிரி இறுகிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ் போட வேண்டும். மேலே பளபளவென்று இருந்தால் போதும் என்பார் யார்டுக்காரர். எனக்கு அந்த மேல்பூச்சு வேலை பிடிக்காது. அடிவரைக்கும் சுரண்டினால்தான் மனசு ஆறும்.

ஆசைப்பட்டு வந்த வேலை இல்லை இது. என் கணவர் லேத் ஓட்டியவர். துவாக்குடியிலேயே ஒரு பட்டறையில் இருந்தார். சுற்றிக்கொண்டிருந்த ராடுக்கு எமரித்தாள் பிடித்துப் பாலிஷ் போட்டபோது, தாள் சுருட்டிக்கொண்டு அவருடைய வலது கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "கால் பிரேக்கை மிதிச்சேன், நிக்கலை" என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பட்டறை முதலாளி என்னைப் பார்த்து, "பிரேக்கெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. இவருதான் பதட்டத்துல மிதிக்க மறந்துட்டாரு" என்றார். கூட வேலை பார்த்தவர்களும் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலைகளை அன்றைக்கு எனக்கு ஒன்றோடொன்று மோதவிட வேண்டும் போல இருந்தது.

கை போனதைவிட இந்தப் பேச்சுதான் அவரை அரித்தது. டிவி பார்க்கும்போதுகூட அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். "மிதிச்சேன்தானே?" என்று என்னிடம் கேட்பார், நான் என்னவோ பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி. "மிதிச்சீங்க" என்பேன். நம்பினேனா என்று கேட்டால், பாதி நாள் நம்பினேன். போகப்போக அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஒருவேளை மிதிக்கலையோ என்னவோ" என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு அந்தப் பட்டறையும் மூடியது. அதன் மெஷின்கள் எங்கள் யார்டுக்கே வந்தன. லாரியிலிருந்து இறக்கிய ஒரு லேத்தின் நெற்றியில், ஆயில் குடித்துக் கறுத்துப்போன சமயபுரத்தாள் ஸ்டிக்கர் இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த ஸ்டிக்கர். அவர் ஓட்டிய லேத். "இதை நானே பாத்துக்கிறேன் சார்" என்று யார்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

முதல் காரியமாக, லேத்தின் கீழே நீளமாக ஓடும் கால் பிரேக்கின் மேல் ஏறி மிதித்தேன். அசையவில்லை. இரண்டு காலையும் வைத்து முழுப் பாரத்தையும் போட்டேன். தரையில் நிற்பது போலவே இருந்தது. அவர் மிதித்திருக்கிறார். மிதித்தும் இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷமா ஆத்திரமா என்று தெரியாமல்.

அழுது முடித்து, அடியில் அடைத்திருந்ததைச் சுரண்ட ஆரம்பித்தேன். கட்டி கட்டியாகக் கறுப்பு உருண்டைகள் வந்தன. ஒன்று தகடு பட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே விதைகள் இருந்தன.

எலுமிச்சம்பழம்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து ஏற்றி நசுக்குவார்கள். லேத்துக்கு ஏது சக்கரம்? அதனால் கால் பிரேக்குக்கு அடியில் பழத்தை வைத்து மிதிப்பது அவராகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார். திருஷ்டி கழித்த பழத்தைக் கையால் எடுக்கக்கூடாது என்று அப்படியே விட்டுவிடுவாராம். அதன் மேல் ஆயிலும் இரும்புத்தூளும் இறங்கி, அடுத்த வருஷம் அதன் மேல் இன்னொரு பழம். சாதாரண நாட்களில் கை லீவரிலேயே மெஷினை நிறுத்திவிடுவார்கள். கால் பிரேக் ஆபத்துக்கு மட்டும்தான். அது இறுகிப்போனது யாருக்குமே தெரியவில்லை. எல்லாவற்றையும் எடுத்தபின் மிதித்தேன். சுளுவாக இறங்கியது.

உருண்டைகளை வேஸ்ட் துணியில் முடிந்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீடு எடமலைப்பட்டி புதூரில். ஆனால் அன்று நேரே ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். அங்கே ஒரு வண்டி ஸ்டாண்டில் இடது கையால் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறார் அவர். கோயிலில் பூஜை போட்டுவந்த புது ஸ்கூட்டி ஒன்று மாலையோடு நின்றது. அதன் சக்கரத்துக்கு அடியில் பழத்தைச் சரியாக நகர்த்தி வைத்துவிட்டு, "இப்ப எடுங்கம்மா" என்று வண்டிக்காரப் பெண்ணிடம் சொன்னார்.

அவள் போனதும், அவருடைய லேத் வந்திருப்பதைச் சொன்னேன். "நீங்க மிதிச்சது உண்மைதாங்க. நானே ஏறி நின்னு பாத்தேன். பிரேக் இறங்கவே இல்ல."

டோக்கன் கட்டைக் கீழே வைத்தார். "சொன்னேன்ல?" என்றார். "சொன்னேன்ல நான்?" கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "என்ன அடைச்சிருந்துச்சு?"

பையில் இருந்த முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தேன். "எல்லாம் ஆயில் அழுக்குதாங்க" என்றேன்.

நசுங்கிய பழத்தை ஒரு ஆட்டோ மறுபடி நசுக்கிவிட்டுப் போனது.

"நல்லவேளை, வருஷம் தவறாம அந்தப் பிரேக்குக்குப் பழம் வச்சேன்" என்றார். "அதனாலதான் கையோட போச்சு. இல்லேன்னா அன்னிக்கு என் உசுரே போயிருக்கும்."

"ஆமாங்க" என்றேன்.