உதடு ஆடாத பக்கம்

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பொம்மைக்காரருக்கு ஊர் வாயைப் பற்றிக் கவலையில்லை. அவருடைய சொந்த வாயே மூட மாட்டேன் என்றது. அதுதான் அவர் வாழ்நாள் துக்கம்.

மடியில் பொம்மையை உட்கார வைத்து, உதடு அசையாமல் அதைப் பேச வைப்பது அவர் பிழைப்பு. பொம்மையின் பெயர் முதலாளி. கோட்டு, தொப்பை, தூக்கிய புருவம். உழைப்பது இவர், பேர் வாங்குவது அது என்பதால் பெயரில் பிழையில்லை. பள்ளி ஆண்டு விழா, கம்பெனி விருந்து, பெரிய ஓட்டலின் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கூடம் என்று எங்கே போனாலும் சனம் வயிறு வலிக்கச் சிரித்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒருவர் சொல்வார்: "எல்லாம் சரி, உதடு ஆடுதே!"

அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவியின் அண்ணன். ஓசிச் சீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து, பொம்மையை ஏறெடுத்தும் பாராமல், பல் டாக்டர் மாதிரி இவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "மாப்ள, ஆடுது!" என்று நடுவில் குரலும் கொடுப்பார்.

உதடு ஒட்டாமல் வராத எழுத்துகளை நாக்கால் ஏமாற்றிச் சொல்வதுதான் தொழில் வித்தை. பொம்மைக்காரரின் நாக்கு கெட்டிக்கார நாக்கு. இடது கடைவாய்தான் காட்டிக்கொடுத்தது. கண்ணாடி முன் நின்று எவ்வளவு மிரட்டினாலும், ரகசியம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரி மாதிரி அந்த ஓரம் மட்டும் துடித்தது. ஓட்டல் மேனேஜரும் ஒருநாள் தலையைச் சொறிந்தார்.

"இப்ப எல்லாரும் செல்போன்ல கிட்ட வச்சுப் பிடிக்கிறாங்க சார். ஓரம் தெரியுது. இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்."

மாசம் முடிவதற்குள் ஒரு காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் இடப்பக்கமாகத் தானே ஒழுகியது. இடது கன்னம் தொங்கிப்போயிருந்தது. கண் மூடவில்லை.

"முகத்து நரம்பு வீங்கியிருக்கு. நாளாகும், ஆனா சரியாயிடும்" என்றார் டாக்டர். "பலூன் ஊதுங்க. கண்ணாடி முன்னாடி நின்னு தினமும் சிரிச்சுப் பழகுங்க."

ஊரைச் சிரிக்க வைத்தவருக்கு வந்த மருந்துச் சீட்டு அது.

வீட்டில் அவர் பேச்சு குழறியது. ஒருநாள் அடுப்படியைக் காட்டி என்னவோ கத்தினார்.

"என்ன சொல்றீங்க? ஒண்ணும் புரியலையே!" என்றாள் மனைவி.

அவர் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து முதலாளியை எடுத்துக் கையில் மாட்டினார். "பால் பொங்குது, பால் பொங்குதுன்னு மனுஷன் கதறுறான், காதுல விழலையா?" என்றது பொம்மை, கணீரென்று. அதற்கு உதடு என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. அதனால் அதற்கு நஷ்டமும் இல்லை.

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. பொம்மைக்காரரின் மூளை பற்றிக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செத்த பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டி உட்கார்ந்தார். முதலாளி வாய்க்கு வந்தபடி பேசியது. இவர் உதடு கல்லில் செதுக்கியது போல் கிடந்தது. கூடமே எழுந்து கைதட்டியது. மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இந்த வித்தையை இத்தனை நாளா எங்க சார் ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டார். வேலை நிலைத்தது.

மனைவி மட்டும் விடவில்லை. எண்ணெய் தேய்த்துக் கன்னத்தை நீவுவாள், பலூனை நீட்டுவாள். இவர் நல்ல பக்கத்தால் ஊதி ஏய்ப்பார்.

"உங்களுக்குச் சரியாகணும்னு ஆசையே இல்லையா?"

"விழுந்த முகம்தான்மா சோறு போடுது" என்றது முதலாளி.

"நான் அதுகிட்டக் கேக்கல, உங்ககிட்டக் கேக்கறேன். நீங்க சிரிச்சா எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு."

பொம்மைக்காரர் பொம்மையைப் பெட்டியில் வைத்து மூடினார்.

பிறகு ஒரு காலை, சவரம் செய்யும்போது இடது ஓரம் லேசாகத் துடித்தது. பழைய எதிரி திரும்பி வந்துவிட்டான். அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்த வாரம் பார்த்து, ஒருநாளும் ஓட்டலுக்கு வராத மனைவி அண்ணனோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். முதலாளி மும்முரமாக யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தது. அவள் பொம்மையைப் பார்க்கவில்லை. திடீரென்று எழுந்து நின்றாள்.

"ஆடுது! அண்ணா, உதடு ஆடுது! அவருக்கு உதடு ஆடுது!"

கண்ணில் நீர் வழியக் கைதட்டினாள். கூடம் அதிர்ந்து சிரித்தது. அவருடைய தொழிலில் அவ்வளவு பெரிய சிரிப்பு அதற்கு முன் வந்ததில்லை.

"நான் சொல்லல மாப்ள, அவதான் சொன்னா" என்றார் மச்சான், இரண்டு கையையும் தூக்கி.

மேடைக்குப் பின்னால் மேனேஜர் காத்திருந்தார். "உடம்பு குணமாகுதாமே, ரொம்ப சந்தோஷம் சார். நல்லா ஓய்வெடுங்க. அடுத்த வாரத்துக்கு மேஜிக் பண்றவர் ஒருத்தரைச் சொல்லிட்டேன்."

மேனேஜர்களைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் பொம்மைக்காரருக்கு உண்டு. சிரித்தார்.

"பாருண்ணா," என்றாள் பின்னாலேயே வந்திருந்த மனைவி, "ரெண்டு பக்கமும் வருது!"