நிற்காத காற்று

காட்பாடியிலிருந்து சித்தூருக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் பங்காருபாளையத்துக்கு இன்னொன்று. ஜனவரிக் கடைசி, மாலை நான்கரை மணி. போர்வையில் சுற்றிய தொலைநோக்கியோடு இறங்கிய என்னை ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"போர்வெல் பைப்பா சார்?"

"வியாழன் கிரகத்து மேகத்தைப் பார்க்கிற குழாய்."

"அந்த மேகம் கெடக்கட்டும் சார். இங்க மூணு நாளா மப்பு கட்டிக்கினு கீது. எப்ப போவும்னு அதுல பார்த்துச் சொல்லு." ஐம்பது ரூபாய்க்குத் தோட்டத்து வாசலிலேயே இறக்கிவிட்டார்.

தோட்டம் என் பெரியப்பா மகள் கஸ்தூரி அக்காவுடையது. மூன்று ஏக்கரும் மாம்பூ. வாசனை ஆளைத் தூக்கியது. அக்காவோ என்னை வா என்றுகூடச் சொல்லாமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மப்பு நீடித்தால் பூச்சி விழுந்து பூ கருகும். காற்று பலமாக அடித்தாலோ உதிர்ந்துபோகும். இந்தப் பூவை நம்பித்தான் மகளை நர்சிங் படிப்பில் சேர்த்திருக்கிறாள். நானும் மேகம் விலகத்தான் வேண்டிக்கொண்டேன், என் குழாய்க்காக.

ஏழு மணிக்குக் காற்று கிளம்பியது. அரை மணியில் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. நான் குதித்தேன். அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் ஓடினாள்.

குழாயில் கண் வைத்தேன். அடடா! குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள், ஒன்றின் ஓரத்தில் வெளிறிய சிவப்புச் சுழி. பட்டையெல்லாம் மேகம். சுழியோ நம் பூமியையே விழுங்கக்கூடிய புயல். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். தலையெல்லாம் உதிர்ந்த பூவோடு திரும்பிய அக்காவை வம்படியாக இழுத்துப் பார்க்க வைத்தேன்.

"அந்தச் செவப்பு எப்பலேர்ந்து சுத்துது?"

"நூத்தம்பது வருஷத்துக்கு மேலக்கா. மணிக்கு நானூறு கிலோமீட்டர் வேகம். முட்டி நிக்க அங்க தரையே கெடையாது."

அக்கா கண்ணை எடுத்தாள். "பார்க்க லட்சணமாத்தான் கீது. நிக்காத காத்த வெச்சிக்கினு இன்னா பண்றது தம்பி?"

மரங்கள் இரைந்துகொண்டிருந்தன. அதற்கு மேல் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தொலைநோக்கியை மூடிவிட்டேன்.

காலை ஆறு மணி. காற்று அடங்கியிருந்தது, வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. மரத்தடியெல்லாம் பூ, ஆனால் மரத்தில் அதைவிடப் பல மடங்கு. அக்கா ஒரு கொத்தை விரலால் விலக்கினாள். உள்ளே கடுகளவு பிஞ்சு.

"நின்னுக்கினு கீது, தம்பி" என்று அடுத்த கொத்தை விலக்கினாள்.

சித்தூர் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழிநெடுக மாந்தோப்புகள் அசையாமல் நின்றன. வியாழனின் காற்றைப் பற்றி எத்தனையோ பேரிடம் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். ஒரு காற்று நின்றதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.