இடது காதுப் பக்கம்

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபது மிஷின்களின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என் குரல் நன்றாகத் திறந்திருந்தது. எங்கள் பகுதிக்கு கேபிள் இணைப்பு கொடுத்தவர் சொந்தமாக ஒரு சேனலும் நடத்தினார். தொலைந்துபோன ரேஷன் கார்டு, மின்தடை அறிவிப்பு எல்லாம் படிக்க என்னைக் கூப்பிட்டார். பிறகு ஞாயிறு காலையில் ஒரு சிரிப்பு நிகழ்ச்சி தொடங்கியபோது அதிலும் சேர்த்துக்கொண்டார்.

சேனல் ஆபீசுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில்தான் அது நடக்கும். வந்திருக்கும் ஜனங்கள் ஆளுக்கொரு சூழ்நிலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். மேடையில் ஒரு சீட்டை எடுத்து, வசனமும் இல்லாமல் ஒத்திகையும் இல்லாமல் அங்கேயே நடிக்க வேண்டும். மொட்டை மாடி வழியாக இழுத்த ஒயரில் அது அப்படியே வீடுகளுக்குப் போய்விடும். சொதப்பினால் சொதப்பியதுதான். கடை திறப்புக்கு என்று கோவைக்கு வரும் சினிமாக்காரர்கள் யாராவது அகப்பட்டால், கேபிள்காரர் அவர்களையும் மேடையேற்றிவிடுவார்.

அப்படி ஒரு ஜவுளிக்கடை திறப்புக்கு வந்தவர்தான் அந்த அம்மா. கறுப்பு வெள்ளைப் படங்களில் சிரிக்க வைத்தவர். அவர் இடுப்பில் கை வைத்து நின்றாலே கொட்டகை சிரித்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இப்போது எழுபதை நெருங்கியிருந்தார். மணமகள் அறையில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய், நான்தான் கூட நடிக்கிறவள் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு இடது பக்கமா நின்னுக்கோ, என்ன?" என்றார். பழைய நடிகைக்கு ஏதோ ராசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சீட்டு, வால்பாறை போகும் பஸ் கொண்டை ஊசி வளைவில் நின்றுபோகிறது என்று வந்தது. அவர் பயணி, நான் கண்டக்டர். அவருக்கு இடது பக்கம் நின்றாலும், கேமராக்காரர் எப்போதும் சொல்வதுபோல நான் கேமராவைப் பார்த்தபடி பேசினேன்.

"சில்லறை வச்சிருக்கீங்களா?"

"சின்னவளா? அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

மண்டபம் சிரித்தது. அடேயப்பா, என்ன வேகம் என்று நானும் சிரித்துவிட்டேன்.

"பஸ்ஸு நின்னு போச்சுங்க."

"பசிதான். காலையில ரெண்டு இட்லி தின்னது."

சிரிப்பு கூடியது. "எல்லாரும் எறங்கித் தள்ளோணுமுங்க" என்றேன்.

"தள்ளாத வயசா? யாருக்கு, எனக்கா?"

மண்டபமே எழுந்து கை தட்டியது. அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் என் உதட்டைத் தேடிக்கொண்டிருந்தன.

விளம்பர இடைவேளையில் என் மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"நான் சரியாத்தானே பேசினேன்? எதுக்கு அப்படிச் சிரிச்சாங்க?"

இடது காதருகே குனிந்து, "நல்லா பண்ணுனீங்கம்மா" என்றேன்.

"வலது காது போய் மூணு வருஷமாச்சு. இதுல கொஞ்சம் இருக்கு. அதுவும் இந்த ஃபேன் சத்தத்துல... யாருகிட்டயும் சொல்லிடாதே. தெரிஞ்சா அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் நேராகக் கேபிள்காரரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த சீட்டை விட்டுவிட்டு, உட்கார வைத்துப் பழைய கதை நாலு கேட்டால் அந்த அம்மா மரியாதையாகத் தப்பித்துவிடுவார் என்பதுதான் என் கணக்கு.

கேபிள்காரர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "அட, அதுக்குத்தானுங்க அம்மணி கூட்டம் இந்தச் சிரிப்புச் சிரிக்குது. எந்தக் காது கேக்காதுன்னீங்க?"

வாய் தவறி, "வலது" என்றேன்.

"அப்ப அந்தப் பக்கம் போயி நின்னுக்குங்க. ஒண்ணும் பேசிப்போடாதீங்க. ஊரே பாத்துட்டு இருக்குது."

அதற்குள் மைக்கை வலப்பக்கம் மாற்றிவிட்டிருந்தார்கள். இடப்பக்கம்வரை ஒயர் எட்டாது. இரண்டாவது சீட்டு பெண் பார்க்கும் படலம். அவர் மாப்பிள்ளையின் அம்மா, நான் காங்கேயத்துப் பெண்ணின் அம்மா. கேபிள்காரர் மேடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் அன்று செய்தது ஒன்றே ஒன்று. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி, அவருக்கு நேர் எதிரே போய் நின்றேன். கேமராக்காரர் கையை ஆட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை. உதடுகளை நன்றாகத் திறந்து மெதுவாகக் கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?"

"மில்லுல சூப்பர்வைசர்."

"எங்க பொண்ணுக்குச் சமைக்கத் தெரியாதுங்க."

"பரவாயில்லை. எங்க வீட்டுல எல்லாருக்கும் தின்னத்தான் தெரியும்."

நல்ல பதில்தான். ஒன்றிரண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள், அவ்வளவுதான். அடுத்த இரண்டு பதில்களுக்கு அதுவும் இல்லை. பஸ் சீனில் எழுந்து நின்று கை தட்டியவர்கள் இப்போது கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டும் பக்கத்தில் பேசிக்கொண்டும் இருந்தார்கள். காது கேட்காதவருக்கும் அந்த அமைதி தெரிந்தது. ஜனங்களின் முகங்களைப் பார்த்தார், பிறகு என்னை. உதட்டு மேல் வியர்த்திருந்தது. மைக்கில் விழாத குரலில், "ஏண்டீ, சிரிக்க மாட்டேங்கிறாங்க?" என்றார்.

ஐம்பது வருஷமாக மேடையில் நின்றவர். அவர் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. எது அவருக்கு நல்லது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. நான் கேமரா பக்கம் திரும்பி, அவரது வலப்பக்கம் போய் நின்று, குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

"பொண்ணுக்கு நகை எத்தனை பவுனுங்க போடோணும்?"

"பல்லா? எல்லாம் சொந்தப் பல்லுதான்."

மண்டபம் அதிர்ந்தது. அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. இடுப்பில் கை வைத்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

காரில் ஏறும்போது என் கன்னத்தைத் தட்டி, "நடுவுல கொஞ்சம் தொய்ஞ்சு போச்சு. நீதான் தூக்கி விட்டே" என்றார். கேபிள்காரர் நிகழ்ச்சியின் கேசட்டை மாலையோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார். அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த நிகழ்ச்சியை ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பொங்கலுக்கு அவரையே மறுபடி கூப்பிடலாம் என்று கேபிள்காரர் முடிவு செய்தார். "நீங்க கூப்பிட்டாத்தானுங்க வருவாங்க" என்று சென்னை நம்பரைப் போட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். அந்த அம்மாவின் அக்கா மகள் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சித்தி அந்தக் கேசட்டைப் பார்த்தாங்க. நீங்க கேட்ட கேள்வியெல்லாம் என்னை எழுதித் தரச் சொல்லிப் படிச்சாங்க" என்றாள். பிறகு, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது சீட்டுக்கு முந்தி தெரியுமுங்க."

அவள் ரிசீவரைப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். யாருக்கோ சத்தமாக ஏதோ சொல்வது கேட்டது. திரும்பி வந்து, "வர்றேன்னு சொல்றாங்க. தேதி கேட்கச் சொன்னாங்க" என்றாள்.

வந்தார். மணமகள் அறையில் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது பவுடர் டப்பாவைப் பார்த்தபடியே, "வலது பக்கம் நில்லு" என்றார்.

அன்று ஜனங்கள் முதல் தடவையைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அவர் சொன்ன பதில்களில் எது நிஜமாகவே காதில் விழாமல் வந்தது, எது அவராகச் செய்தது என்று பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறினார். கார்க் கண்ணாடிக்கு வெளியே அவர் என்னைப் பார்க்கும்படி நின்று, "போய்ட்டு வாங்கம்மா" என்று உதட்டை நன்றாகத் திறந்து சொன்னேன். அவர் டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.