நாலு எம்பி கிளி

ஜன்னல் கண்ணாடியில் மார்க்கரால் ‘4’ என்று எழுதி, அதன் பக்கத்திலேயே ‘5.3’ என்றும் எழுதினாள் எதிர்வீட்டு சுஹைனா. எந்தக் கோப்பானாலும் புறப்படும் அளவையும் போய்ச்சேரும் அளவையும் எழுதிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. எண்களுக்கு நடுவேதான் தெரு தெரிகிறது.

வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறாள். டீயை ஆறவைத்துத்தான் குடிப்பாள். துபாயிலிருந்து கணவர் ரயீஸ் பேசினால், அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி கத்துவாள். தப்பு தன்னுடையது என்றால் மட்டும் குரல் தாழும்.

அன்று தாழ்ந்தது. பொம்மைப் பட்டறை கலியமூர்த்தி, கண்காட்சித் தேர்வுக்குக் கிளிப் பொம்மையின் படத்தை ஐந்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும். தேர்வானால் தீபாவளி வரை முப்பது பெண்களுக்கு வேலை. மணி நாலேகால். ஐந்து எம்பிக்கு (மெகாபைட்) மேல் வாங்கமாட்டேன் என்று கண்காட்சியின் இணையதளம் அடம்பிடித்தது.

“படம் நாலுதானம்மா? எங்க சூளைக்குள்ள போனா எதுவும் சுருங்கும். ஒம் பொட்டிக்குள்ள போனா ஊதுது” என்றார், கிளிகளை வைக்கோலில் பொதிந்த பெட்டியை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலியமூர்த்தி.

“படத்த எழுத்தா மாத்தி, பேரு வெலாசத்தோட ஒரே கடுதாசியா போற மாதிரி நான்தாண்ணே எழுதி வச்சேன். சோம்பேறித்தனம். எழுத்தா மாறுனா மூணுல ஒரு பங்கு கூடிடுது.”

“அப்ப படத்தச் சின்னதாக்கி அனுப்பிடேன்.”

“மெருகப் பாத்துதான எடுப்பாங்க? மங்கிப்போனா யாரு எடுப்பா? படத்தப் படமாவே தனிக் கட்டா அனுப்பிடலாம். பத்து நிமிஷங்க.”

இருபது நிமிடம் ஆயிற்று. வேடிக்கை பார்க்கப் போன நானும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ‘பெறப்பட்டது’ என்று திரையில் வந்ததும் கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுஹைனா அதை நம்பவில்லை. போய்ச்சேர்ந்த படத்தைத் திரும்ப இறக்கிப் பெரிதாக்கினாள். நாலு எம்பியும் குறையாமல் இருந்தது. கிளியின் இறகு இறகாகத் தெரிந்தது. கழுத்தோரம் மயிரிழை விரிசல் ஒன்றும் தெரிந்தது.

கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார். “இது யாரு கண்ணுக்குத் தெரியப் போவுது?”

ஐந்து மணி வரை படத்தை மாற்றலாம். இருபது நிமிடம் மீதி இருந்தது. சுஹைனா அவர் மடியிலிருந்த வைக்கோல் பெட்டியைப் பார்த்து, விரிசலில்லாத இன்னொரு கிளிக்காகக் கையை நீட்டினாள்.