உறைமண்ணும் நான் கழுவிய போத்தல்களும்

1. குளிர் அறை

முதல் நாள் தடித்த குளிர்ச்சட்டையும் இரண்டு சோடிக் கையுறையும் தந்து என்னை மைனஸ் இருபது பாகை அறைக்குள் கூட்டிப் போனார்கள். நான் முதலில் பார்த்தது கதவைத்தான். உள்ளேயிருந்து திறக்குமா என்று ஐந்து தரம் திறந்து பார்த்தேன். ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அம்மா, ஃப்ராவ் பிராண்ட், பொறுமையாக நின்றார். ஆறாவது தரம் கைப்பிடியைத் தொட்டபோது, "ஹெர் செல்வராசா, கதவு நல்லாய் இருக்கிறது. இனி நாங்கள் மண்ணைப் பார்ப்போமா?" என்று கேட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இடப்பெயர்வில் விட்டது, பிறகு தொடக் கிடைக்கவில்லை. ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருடம் ரெஸ்டோரண்ட் குசினிகளில் பாத்திரம் கழுவினேன். லைப்சிக் பக்கம் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் போத்தல் கழுவவும் மண் வெட்டவும் ஆள் தேவை என்றார்கள். கழுவுவது எனக்குத் தெரிந்த வேலை. போனேன்.

அந்த அறை முழுக்கச் சைபீரிய மண். குழாய் விட்டுத் துளைத்து எடுத்த நீள உருளைகள், கோர் என்போம். ஆயிரக்கணக்கான வருடமாக உருகாத நிலத்தில் எடுத்தவை. அதற்குள் பழைய வேரும் இலையும் பாசியும் அழுகாமல் கிடக்கின்றன. அதுதான் கார்பன். நிலம் உருகினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும், கார்பன் வாயுவாக மேலே போகும். ஆனால் அதே மண்ணில் நைட்ரஜன், பொஸ்பரஸ் போன்ற சத்துகளும் உறைந்திருக்கின்றன. அவை வெளியே வந்தால் செடிகள் வளரும், போன கார்பனில் கொஞ்சத்தைத் திரும்ப எடுக்கும். எவ்வளவு போகும், எவ்வளவு திரும்பும் என்பதுதான் அங்கே எல்லோருடைய தலையிடியும்.

இதையெல்லாம் எனக்கு விளங்கப்படுத்தியது கவிதா. திருநெல்வேலிப் பிள்ளை, முனைவர் பட்டத்துக்கு வந்தவள். அந்தக் கோர்கள் அவள் நேரே போய் நின்று எடுத்தவை. உக்ரைன் போர் தொடங்கியபின் திரும்பவும் அங்கே போய் எடுக்க வழியில்லாமல் போய்விட்டது. இருப்பது அவ்வளவுதான்.

2. மிச்சத் துண்டுகள்

கோரை உறைந்தபடியே வாள் மிஷினில் வட்டம் வட்டமாக வெட்டுவேன். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு துண்டு காய்ந்து அரைபட்டுக் கார்பன் அளக்கப் போகும். இன்னொரு துண்டு போத்தலில் கரைசலோடு குலுங்கி, சத்து அளக்கப் போகும். மிச்சத்தை வீச வேண்டும். அறையில் இடமில்லை, அதனால் அது விதி.

என்னால் வீச முடியவில்லை. ஒவ்வொரு மிச்சத்தையும் பையில் போட்டு, கோர் இலக்கமும் ஆழமும் எழுதி, கீழ்த்தட்டின் பின்னால் பெட்டிகளில் அடுக்கினேன்.

"அண்ணா, இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு சேர்த்து வைக்கிறீங்க? பிராண்ட் மேடம் பார்த்தா திட்டப் போறாங்க" என்றாள் கவிதா.

"இருக்கட்டும் பிள்ளை. இடத்தைத்தானே பிடிக்குது."

"டேட்டாதான் எல்லாம் வந்துட்டே இருக்கே."

"வாறது சரி. வந்தது பிழைச்சால் என்ன செய்யிறது?"

"வாயை வைக்காதீங்கண்ணா" என்றாள்.

ஃப்ராவ் பிராண்ட் மூன்று தரம் வீசச் சொன்னார். மூன்று தரமும் "ஓம்" என்றேன். மூன்று தரமும் பெட்டிகளை இன்னும் பின்னால் தள்ளினேன்.

3. கடைசிக் கழுவல்

போத்தல் கழுவ ஒரு முறை உண்டு. ஆய்வுக்கூடச் சோப்பு, பிறகு அமிலத் தொட்டி, பிறகு உப்பு நீக்கிய தண்ணீரில் மூன்று தரம். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

எனக்கு அமிலம்தான் பயம். ஒரு சொட்டு உள்ளே நின்றுவிட்டால்? அந்தப் பிள்ளையின் மண்ணை அது தின்றுவிட்டால்? கண்ணுக்குத் தெரியாத சொட்டை எப்படிப் பார்ப்பது? ரெஸ்டோரண்டில் நாங்கள் கிளாசை விரலால் தேய்ப்போம், கிரீச் என்று சத்தம் வந்தால்தான் சுத்தம். இந்தப் போத்தல்களில் சத்தம் வரவில்லை. பழைய குசினிச் சிநேகிதனிடம் பாத்திரம் கழுவும் மிஷினுக்குப் போடுகிற தூள் ஒரு டப்பா வாங்கி வந்தேன். அமிலத்துக்குப் பிறகு எல்லாப் போத்தலையும் அந்தத் தூளால் இன்னொரு தரம் கழுவி, அலசினேன். சத்தம் வந்தது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆரிடமும் கேட்கவில்லை. கேட்டால், தெரியாதவன் என்று நினைப்பார்களே என்ற பயம். கால எல்லை போட்ட ஒப்பந்தம் வேறு.

4. செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

எட்டு மாதம் கழித்துக் கவிதா தன் கணக்குகளைத் திரையில் காட்டினாள். கழுவுகிறவர் தொடக்கம் பேராசிரியர் வரை எல்லோரும் உட்காரும் கூட்டம் அது. பொஸ்பரஸ் எதிர்பார்த்ததை விட மிகக் கூட. அது உண்மையென்றால் பெரிய செய்தி; கட்டுரை வெள்ளிக்கிழமை அனுப்ப ஆயத்தம். எல்லோரும் மேசையில் தட்டிப் பாராட்டினார்கள்.

ஃப்ராவ் பிராண்ட் மட்டும் கேட்டார்: "பொஸ்பரஸ் கூட வந்தால் நான் முதலில் சோப்பைத்தான் சந்தேகிப்பேன். பிளாங்க் எப்படி?"

பிளாங்க் என்றால் மண் இல்லாத வெறும் கரைசல். போத்தலில் அழுக்கிருந்தால் அது காட்டிக் கொடுக்கும்.

"கிளீன்" என்றாள் கவிதா.

நான் எழும்பிப் போய் என் அலுமாரியைத் திறந்து டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தேன். உள்ளடக்கப் பட்டியலில் முதலாவதாகவே பொஸ்பேட் என்று இருந்தது. பிளாங்குக்கு வைத்தவை பெட்டி உடைத்த புதுப் போத்தல்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவை என் கையால் கழுவப்படவில்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போய் மனுசியிடம் சொன்னேன். ஒப்பந்தம் நீட்டும் மாதம் அது. சும்மா இருந்துவிடலாமா என்றும் கேட்டேன்.

"சும்மா இருக்க உங்களால ஏலுமே? காஸ் அடுப்பை நிப்பாட்டியாச்சோ எண்டு பஸ்ஸால இறங்கி வந்து பாக்கிற மனுசன். ரெண்டு நாளில காய்ச்சல் வந்திடும். போய்ச் சொல்லுங்கோ. வேலை போனால் போகட்டும்."

5. டப்பாவோடு

புதன் காலை டப்பாவைக் கையில் கொண்டுபோய்க் கவிதாவின் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் பட்டியலை இரண்டு தரம் வாசித்தாள்.

"எட்டு மாசம்ணா" என்றாள். பிறகு, "எந்தெந்தப் போத்தல்?"

"எல்லாம் பிள்ளை. புதுசைத் தவிர எல்லாம்."

முகத்தை மூடிக்கொண்டாள். "சாம்பிள் எல்லாம் முடிஞ்சு போச்சே. திரும்ப எங்கே போய் எடுப்பேன்?"

"மிச்சம் கிடக்குது. கீழ்த்தட்டில."

கையை எடுத்தாள். "அந்தக் குப்பைப் பெட்டியா?"

"ஓம். ஆழம் எல்லாம் எழுதியிருக்கு. உருகேல்லை. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒரு சத்தம் போட்டாள். இருவருமாக ஃப்ராவ் பிராண்டிடம் போனோம். நான் பேச முன்னமே கவிதா சொன்னாள், பிளாங்கைப் புதுப் போத்தலில் வைத்தது தன் பிழை, கழுவின போத்தலில்தான் வைத்திருக்க வேண்டும் என்று. நான் அதை எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பிள்ளையை நினைத்தால் நெஞ்சு நிறைந்து போகிறது.

ஃப்ராவ் பிராண்ட் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை என் வீட்டில் வைத்திருந்தால் என் கண்ணாடிக் கிளாஸ்களாவது பளபளக்கும்" என்றார். என்னை அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டுவிட்டேன். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"சொன்னவரை அனுப்பினால், அடுத்த முறை பிழை விடுகிறவர் வந்து சொல்லமாட்டார்" என்றார். "போய் மிச்சத்தை வெட்டுங்கள். மூன்று தரம் வீசச் சொன்ன மிச்சத்தை."

மூன்று வாரம் வெட்டினேன். புதுப் போத்தல்களில் குலுக்கி எல்லாவற்றையும் திரும்ப அளந்தார்கள். கார்பன் கணக்கு அப்படியே நின்றது. அது போத்தலுக்குள் போகாத மண். பொஸ்பரஸ் இறங்கிவிட்டது. பெரிய செய்தி சின்னச் செய்தியாயிற்று. கவிதாவின் கட்டுரை பிந்தித்தான் வந்தது. ஆனால் வந்தது சரியான கணக்கு. நன்றி சொல்லும் பகுதியில் என் பெயரையும் போட்டிருந்தாள். அந்தத் தாளை மனுசி சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

இப்போது கீழ்த்தட்டு முழுக்க மிச்சத் துண்டுகளுக்குத்தான். பெட்டிகளில் ஃப்ராவ் பிராண்டின் கையெழுத்தில் ஒரு லேபல்: "செல்வராசா மிச்சம். வீசக் கூடாது."

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பயப்படுவது பிழையில்லை. என் பயம்தான் மண்ணைக் காப்பாற்றியது, அதே பயம்தான் போத்தலைக் கெடுத்தது. பயம் வந்தால் ஆருக்கும் சொல்லாமல் கூடுதலாக ஒன்றைச் செய்யாதீர்கள். போய்க் கேளுங்கள்.

குளிர் அறைக் கதவை இப்போதும் உள்ளேயிருந்து இரண்டு தரம் திறந்து பார்க்கிறேன். அப்படிச் செய்யலாமா என்று ஃப்ராவ் பிராண்டிடம் கேட்டேன். இரண்டு தரம் என்றால் பரவாயில்லை என்றார்.