கடைசிப் பக்கத்துப் பின்னல் ரொட்டி

நான் வேலை பார்க்கும் பத்திரிகைக் கம்பெனி ஒரு ஜெர்மன் குடும்பத்துக்குச் சொந்தமானது. வளைகுடாவுக்கென்று ஒரு சமையல் இதழ் தொடங்கலாமா என்று பார்ப்பதற்காகவே ஷார்ஜாவில் சின்னதாக ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வரும் குறிப்புகளைப் பேன்ட்ரியில் சமைத்துப் பார்த்துப் பக்கமாக்கித் தருவது என் வேலை. சமைத்து அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அச்சடிக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் சட்டம். அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் என் சுடிதார்கள் ஒவ்வொன்றாக இறுக ஆரம்பித்தன.

குடும்பத்தின் கதையை வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். அப்பா ஒரு சின்ன ஊரில் ஒற்றை அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு வானொலி நிகழ்ச்சி நிரலை அடித்து விற்றாராம். கடைசிப் பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று அம்மா தன்னுடைய பின்னல் ரொட்டியின் செய்முறையை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜனங்கள் கடைசிப் பக்கத்துக்காகவே வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் சமையலுக்கு ஓர் இதழ், தோட்டத்துக்கு ஒன்று, குறுக்கெழுத்துக்கு ஒன்று என்று பெருகி, பக்கத்து நாடுகளுக்கும் போயின. ஒவ்வொரு புது இதழையும் வீட்டில் ஒருவர் கையில் கொடுத்து, “இது உன் பிள்ளை, வளர்த்துக்கொள்” என்பார்களாம். காகிதத்தின் காலம் முடிந்தது என்று எல்லோரும் சொல்லும் இந்த நாளில்கூட அவர்கள் நிறுத்தவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு அவர்களைப் பிடித்தது.

எந்த நாட்டில் எந்த இதழ் வந்தாலும் முதல் இதழின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் பின்னல் ரொட்டி வரவேண்டும். ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

இங்கே இதழ் வருமா வராதா என்பதை முடிவு செய்ய, ஜூலை மாத வெயிலில், அந்த அம்மாவின் மகள், எங்கள் மேடம், நேரில் வருவதாக இருந்தது. வராது என்று சொல்லிவிட்டால் என் ஒப்பந்தம் முடியும். என் விசாவும், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மகளின் விசாவும் போகும். என் கணவருக்குச் சவுதியில், ஜுபைலில் பிளான்ட்டில் வேலை, கேம்பில் தங்கல்; குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழியில்லை. நாங்கள் ஷார்ஜாவின் ரோலாவில் இருப்பதால்தான் லீவு கிடைக்கும்போதெல்லாம் ரோட்டு வழியாக வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். நாங்கள் நாகர்கோவிலுக்குத் திரும்பினால் அப்புறம் ஆண்டு லீவுதான். போன தடவை கிளம்பும்போது தன் பல் பிரஷ்ஷையும் இடுப்பில் கட்டும் சாரத்தையும் பையில் எடுத்துவைத்துக்கொண்டார். வழக்கமாக இங்கேயே விட்டுவிட்டுப் போவார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மேடம் வருவதற்கு முன்பாக ரொட்டியைச் செய்து பழகிக்கொள்ளலாம் என்று மாவைப் பிசைந்தேன். ‘இரவு முழுவதும் வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவும்’ என்று செய்முறையில் இருந்தது. அலுவலகத்துக்குள்ளே ஏசி நடுக்குகிறது. வெதுவெதுப்பான இடம் எங்கே என்று தேடி, ஏசியின் வெளிப்பெட்டி அனல் கக்கும் பால்கனியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் மாவு கிண்ணத்தை விட்டு இறங்கி பால்கனித் தரையில் காய்ந்து கிடந்தது. மிச்சம் புளித்து மூக்கைத் துளைத்தது. மறுநாள் மேடம் வருகிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் கணவருக்குப் போன் செய்து கொட்டித் தீர்த்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஏ புள்ள, ஜூலை மாசம் ஆப்பத்துக்கு மாவு அரைச்சா எங்க வைப்ப?”

“ஃபிரிட்ஜில.”

“பொறவு இத மட்டும் எதுக்கு வெளிய வச்ச?”

“ஜெர்மன்காரங்க எழுதினது தப்பா இருக்குமான்னு நெனச்சேன்.”

“அவங்களுக்கு நம்ம வெயிலு தெரியுமா? யல்லா, போய் பெசை.”

சாயங்காலம் மறுபடி பிசைந்து, கிண்ணத்தைப் பேன்ட்ரி ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் மாவை எடுத்துப் பின்னிச் சுட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். மேடமோ எனக்கு முன்பே வந்து, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றார். அறுபதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு, முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது.

“என் அம்மாவின் மாவு ஏன் இதற்குள் இருக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “எங்கும் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் மாற்றியதில்லை.”

பணிவாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. “மேடம், உங்கள் அம்மா ஷார்ஜாவில் ஜூலை மாதம் இருந்ததில்லை” என்றேன்.

அவர் ஃபிரிட்ஜின் கதவைச் சாத்தினார். “சுடுங்கள், பார்க்கலாம்” என்றார்.

சுட்டேன். சட்டப்படி எல்லோரும் கூடி நின்று சாப்பிட்டோம். அவர் மட்டும் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார்.

“அப்போது எங்கள் வீட்டில் ஒரே ஓர் அறையில்தான் கணப்பு” என்றார் பிறகு. “குளிர்காலத்தில் அம்மா மாவுக் கிண்ணத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மாவு. அவர் எழுதிய வெதுவெதுப்பான இடம் அதுதான்.” பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்துப் பிரதியில் அந்த வரியை அடித்து, ‘ஃபிரிட்ஜில்’ என்று எழுதினார். “எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த ஊர் வெயிலைத் தெரியாது. இந்தப் பிள்ளையை நீங்களே வளர்க்கிறீர்களா?”

தலையாட்டிவிட்டுப் பிரதியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஜுபைலிலிருந்து கணவர் வந்தார். மகள் அவர் கழுத்தை விடவேயில்லை. அவளைத் தூக்கியபடியே பையைத் திறந்து, பிரஷ்ஷைக் குளியலறைக் கோப்பையிலும் சாரத்தைக் கொடியிலும் போட்டுவிட்டு வந்து, “ஆப்பத்துக்கு மாவு இருக்கா?” என்று கேட்டார்.